கண்ணுக்குக் கீழே ஐந்தடி

நில அளவைக்காரனுக்குச் சூத்திரம் தெரிந்தால் போதும், அர்த்தம் தேவையில்லை என்று நம்பித்தான் ஊர்காவற்றுறையில் உத்தியோகம் பார்த்தேன். வாய்ப்பாட்டைப் பாடமாக்கிப் பாசான உங்களுக்கும் அந்த நம்பிக்கை இருந்திருக்கும்.

சும்மா ஒரு பெயர்

கரம்பொன்னில் காணி அளக்கும்போது, எனக்குச் சங்கிலி பிடிக்கும் கந்தையா அண்ணை கேட்டார்: "றோட்டு முடக்கு கீறேக்கை வட்டத்தைத் தொடுற கோட்டையும் தான்சன் எண்டுறியள். மர உயரம் பார்க்கிற கணக்கையும் தான்சன் எண்டுறியள். ரெண்டுக்கும் என்ன உறவு, ஐயா?"

எனக்குத் தெரியாது. அதைச் சொல்லக் கௌரவம் விடவில்லை. "அது சும்மா பெயர், வேலையைப் பாருங்கோ" என்றேன். சங்கிலியை இழுத்தபடி அவர் முணுமுணுத்தார்: "சும்மா ஆரும் பெயர் வைப்பினமே?"

நகர்த்தாத வத்தை

அடுத்த கிழமை, கடற்கரையோரம் பட்டுப்போன பனையொன்றைத் தறிக்க இருந்தார்கள். ஒரு பக்கம் வீடு. கடற்பக்கம்தான் விழுத்தலாம். அங்கே, அடிமரத்திலிருந்து அறுபத்திரண்டடியில், மீன்பிடிக்கும் அருளப்பு அண்ணையின் ஒரே வள்ளமான வத்தை கரையேற்றிக் கிடந்தது. அதை இழுக்கப் பத்துப் பேர் வேண்டும். "தம்பி, எட்டுமோ?" என்று கேட்டார். அறுபதடி தள்ளி நின்று கருவியில் பார்த்தேன். நுனி நாற்பத்தைந்து பாகையில் தெரிந்தது. நாற்பத்தைந்தின் தான்சன் (tan) ஒன்று. ஆகவே மரம் அறுபதடி. "எட்டாது, நகர்த்தத் தேவையில்லை" என்றேன் பெரிய மனுசன் மாதிரி.

பனை விழுந்தது. நுனி வத்தையின் பக்கப்பலகையைப் பிளந்துவிட்டது. அருளப்பு அண்ணை பிளந்த பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இது அறுபதடியோ?"

மணலில் கீறிய வட்டம்

மரத்தையும் என்னையும் பக்கவாட்டில் மணலில் கீறிப் பார்த்தேன். என் கண்தான் வட்டத்தின் நடு, மரத்துக்குள்ள தூரம் ஆரை. நேரே நிற்கும் பனை அந்த வட்டத்தைத் தொடும் கோடு. தொடும் இடம் என் கண்மட்டம். அங்கிருந்து நுனிவரை உள்ள நீளத்தைத்தான் தான்சன் சொல்லும். கண்மட்டத்துக்குக் கீழேயும் ஐந்தடி மரம் நின்றது. அதை நான் கூட்டவில்லை. எட்டிப் பார்த்த கந்தையா அண்ணை சொன்னார்: "அப்ப உறவு இருக்குத்தானே, ஐயா."

துறையில்

அந்தப் பருவம் முழுவதும் அருளப்பு அண்ணை அனலைதீவுக்காரர் ஒருவரின் தோணியில் கூலிக்குப் போனார். மன்னிப்புக் கேட்கப் போன நான், வெட்கம் தாங்காமல் கண்மட்டம், ஐந்தடி என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். "கணக்கு ஆருக்கும் பிழைக்கும், தம்பி. 'எனக்குச் சரியாத் தெரியாது, எதுக்கும் இழுத்து வையுங்கோ' எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பத்துப் பேரும் அங்கைதானே நிண்டனாங்கள்."

தான்சனின் அர்த்தம் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் படித்தவன் நான், அதற்குப் பள்ளிச்சம்பளம் கட்டியவர் அருளப்பு அண்ணை.