காஜா பெராங்கின் மூன்றாவது விண்ணப்பம்

காலை ஏழேகாலுக்குச் சிரம்பானில் பஸ் ஏறினேன். மலாக்காவுக்குச் சுமார் ஐம்பது மைல். கட்டணம் இரண்டு வெள்ளி. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஐந்தாம் வருடம், பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு. தென்வட்டாரக் கிரிக்கெட் லீக்கின் கௌரவச் செயலாளர் நான்; சிரம்பானில் ஒரு கிளப்புக்கு ஆடுகிறவனும்கூட. மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் ஒரு குழு, லீக்கில் சேர மூன்றாம் முறையாக விண்ணப்பித்திருந்தது. இம்முறை, 'நேரில் வந்து பாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். போய்த்தான் பார்ப்போமே என்று பெரிய மனது பண்ணிப் புறப்பட்டேன்.

தம்பின் வரும்வரை பத்திரிகை படித்தேன். வயிறு எரிந்தது. தென்னாப்பிரிக்கா போன வருடம் காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. வெளியேறினால் லண்டனில் கூடும் கிரிக்கெட் சபையிலும் இடமில்லை என்பது விதி. ஆனால் நியூசிலாந்து அங்கே போய் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டங்களுக்கும் டெஸ்ட் என்றே பெயர்! இந்தியாவோடும் பாகிஸ்தானோடும் மேற்கிந்தியத் தீவுகளோடும் ஒரு டெஸ்ட்கூட ஆடாத நாடு அது. காரணம் தோலின் நிறம். சபையில் யார் வாய் திறப்பார்கள்? ஸ்தாபகர்கள் என்று முதலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களின் சொல்லுக்குத்தானே அங்கே எடை!

பக்கத்து இருக்கைச் சீனப் பெரியவரிடம் இதையெல்லாம் மலாயில் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே வந்து, அலோர் காஜாவில் இறங்கும்போது, கிரிக்கெட் என்றால் என்ன என்று கேட்டார்.

ஒன்பதரைக்கு மலாக்கா. பஸ் நிலையத்தில் மணியம் காத்திருந்தார். நகராட்சியில் குழாய் பொருத்துபவர், குழுவின் சுழற்பந்து வீச்சாளர்.

"வாங்க சார். வரமாட்டீங்கன்னு நெனச்சோம் லா" என்றார்.

டிரைஷா என்கிற மூன்று சக்கர ரிக்ஷாவில் காஜா பெராங் போக நாற்பது காசு. குழுத் தலைவர் கந்தசாமிப் பிள்ளை வாசலில் நின்றார். சுங்க அலுவலக எழுத்தர். பல தலைமுறைக்கு முன்னே இங்கு வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டி வம்சம். பெயர் தமிழ், கும்பிடுவது மாரியம்மனை, பேச்சு முழுக்க மலாய். மலாய்ச் சட்டையான கெபாயா அணிந்த அவர் மனைவி சர்க்கரைப் பொங்கலைத் தட்டில் வைத்தார்.

பத்தரைக்கு மைதானம். நான் கொண்டுபோன படிவத்தில் முதல் கேள்வி: பெவிலியன் உண்டா? ஓர் அங்சானா மரம் இருந்தது. ஆடுகளத்தில் தென்னை நார்ப் பாய். கிழிந்த இடங்களை மீன்வலை நூலால் தைத்திருந்தார்கள். 'இல்லை, இல்லை' என்று எழுதிக்கொண்டே போனேன். பிறகு ஆசைக்கு மட்டையை வாங்கினேன். மணியம் ஆறு பந்து போட்டார். இரண்டு என் ஸ்டம்பைச் சாய்த்தன. மற்ற நான்கும் எந்தப் பக்கம் திரும்பின என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. எங்கள் லீக்கில் இவரைப் போல் ஒருவர் இல்லை. சத்தியமாக இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மர நிழலில் தேநீர். மறுபடி லண்டனைப் பிடித்துக்கொண்டேன். "விதியாம் விதி! தங்களுக்கு வேண்டியவனுக்கு வளைப்பார்கள், மற்றவன் வந்தால் கதவைச் சாத்துவார்கள். இதையெல்லாம் உட்கார்ந்து எழுதினானே, அவன் முகத்தை ஒருநாள் பார்க்கவேண்டும்" என்றேன்.

"கரெக்ட் சார்" என்றார் மணியம்.

தமிழ் புரியாத கந்தசாமிப் பிள்ளை, அலுவல் பேச நேரமாயிற்று என்று எண்ணி, பிஸ்கட் டின்னைத் திறந்து இரண்டு கடிதங்களை என் முன் வைத்தார். லீக் முன்பு அனுப்பிய பதில்கள். இரண்டிலும் ஒரே வாசகம்: உறுப்பினர் கிளப் எதனோடும் ஆடியதாகப் பதிவு இல்லாததால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

மணியம் தணிந்த குரலில் கேட்டார். "சார், நாங்க உங்க கிளப்புக்கு எழுதினோம். மெம்பர் இல்லாதவங்களோட ஆடுனா லீக்க விட்டுத் தூக்கிருவாங்க, ஆட முடியாதுன்னுட்டாங்க. ஆடாட்டி மெம்பராக முடியாது. அப்ப நாங்க என்னதான் சார் செய்யறது?"

இரண்டு விதிகளையும் வகுத்தவன் நான். கிரிக்கெட்டின் தரத்தைக் காப்பதாக அப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். இரண்டு கடிதங்களின் அடியிலும் என் கையெழுத்து, வால் நீட்டி, அழகாக. வெட்கமாக இருந்தது; வேறு வார்த்தை தேடவேண்டியதில்லை.

மூன்று மணி பஸ்ஸுக்கு இருவரும் வழியனுப்ப வந்தார்கள். கமிட்டியில் எடுத்துச் சொல்கிறேன் என்றுதான் முதலில் வாயெடுத்தேன். கமிட்டியை எனக்குத் தெரியும். ஸ்தாபக கிளப்புகள் மூன்று. அவற்றில் ஒன்று எங்களுடையது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓட்டு, மற்ற கிளப்புகளுக்கு ஒன்றுதான்.

"வருகிற ஞாயிறு எங்கள் கிளப்பைக் கூட்டிக்கொண்டு ஆட வருகிறேன். பதினொரு பேர் கிடைக்காவிட்டால் ஏழு பேர்" என்று மலாயில் சொன்னேன்.

கந்தசாமிப் பிள்ளை என் பக்கம் திரும்பி, "டத்தாங்லா" என்றார். வாருங்கள் என்று அர்த்தம். சிரிக்கவில்லை. இரண்டு கடிதம் வாங்கிய மனிதர் ஏன் சிரிக்கப் போகிறார்?

"தூக்கிருவாங்களே சார்?" என்றார் மணியம்.

தூக்கத்தான் வேண்டும், விதி அப்படி. பத்திரிகையை பஸ் இருக்கையிலேயே விட்டுவிட்டுச் சிரம்பானில் இறங்கினேன். லண்டன்காரர்கள் மேலுள்ள கோபம் ஓர் அணுவும் குறையவில்லை. ஆனால் அந்த ஆட்டம் முடிந்த மறுநாள் எங்கள் கிளப்பை லீக்கிலிருந்து நீக்கி ஒரு கடிதம் எழுதவேண்டும். அதை எழுதவேண்டியவர் கௌரவச் செயலாளர். அதே பேனாவால், அதே வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டு, எங்கள் கிளப் விலாசத்துக்கு நானே தபாலில் சேர்ப்பேன்.