ஸ்கூட்டருக்கு அப்புறம்தான் நான்

என் வீட்டுக்காரர் கல்லூரியில் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியர். விளையாட்டில்லை, மண்ணேதான். எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே கட்டிடம் எழுப்பினால் இறங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்தால் பாலுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் களிமண் உட்கார்ந்திருக்கும். ஈரம் காயக் கூடாதாம். கல்யாணமான புதிதில் யாரோ அரைத்து வைத்த மசாலா என்று நினைத்து அதில் கரண்டியைப் போட்டவள் நான்.

சுவரில் விரிசலைக் கண்டால் இந்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி போட்டுவிடுவார். கோட்டின் இரண்டு பாதியும் விலகினால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். எங்கள் படுக்கையறை, சர்ச், பல் டாக்டரின் வராந்தா என்று போன இடமெல்லாம் அவர் கைவரிசை உண்டு. எங்கள் கல்யாணத்தில் பாதிரியார் "சம்மதமா?" என்று கேட்கிறார், மாப்பிள்ளை அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பாதிரியார் தொண்டையைச் செருமினார். அப்புறம்தான் இவர் கீழே இறங்கி வந்து, "முழுச் சம்மதம்" என்றார். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசிலை வாயில் வைத்தால் மைதானமே நிற்கும். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மட்டும் என் ஜம்பம் சாயாது. தட்டில் போட்ட சாப்பாடு ஆவி பறக்கும்போது இவர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பிப்பார். ஆவி அடங்கும், சாப்பாடு ஆறும், ஜெபம் மட்டும் முடியாது. வகுப்பெடுத்து வகுப்பெடுத்துக் கடவுளிடமும் அதே பாணியில்தான் பேச்சு.

"ஆண்டவரே, நேத்து விட்ட இடத்துலேர்ந்து தொடர்றேன். முதலாவது, என் மகள். டிரைவிங் டெஸ்ட்ல மறுபடியும் ஃபெயில். இதுக்கு ரெண்டு காரணம் சொல்லலாம்..."

"அப்பா! அவருக்குத் தெரியாதாப்பா?" என்பாள் மகள், ஒற்றைக் கண்ணைத் திறந்து.

"கண்ணை மூடு. இரண்டாவது..."

இந்த வரிசையில் ஒரு சூட்சுமம் இருந்தது. யாருக்கு அன்றைக்கு அதிகக் கஷ்டமோ அவர்கள்தான் முதலில். அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் பிள்ளைகள் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மகன் வேலை தேடி அலைந்த காலமெல்லாம் அவனுக்குத்தான் முதலிடம். "அண்ணன்தான் இந்த வாரமும் ஃபர்ஸ்ட்" என்று மகள் வெறுப்பேற்றுவாள். அதனால் எங்கள் வீட்டில் மட்டும் ஃபர்ஸ்ட் வர யாரும் ஆசைப்பட்டதில்லை. மனிதர்கள் முடிந்ததும் சர்ச் கூரை, அதற்கப்புறம் எங்கள் பழைய ஸ்கூட்டர். எல்லாம் முடிந்தபின், "கடைசியா என் மனைவி. நன்றி, ஆண்டவரே. ஆமென்." அவ்வளவுதான் எனக்கு!

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏங்க, அந்த ஓட்டை வண்டிக்கு அப்புறம்தானா நான்?"

"அதுக்கு பிரேக் சரியில்லம்மா."

"அப்ப எனக்கு?"

"உனக்கு பிரேக்கே கிடையாதே" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் சாப்பிட்டார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனைக்கும் அந்த மேஜைதான் அவருக்கு உலகம். ஒரு பெரிய அணை வேலைக்கு ஆலோசகராக வரச் சொல்லி ஆள்மேல் ஆள் விட்டார்கள். போனால் மாதக்கணக்கில் வெளியூரில் இருக்க வேண்டும். "சாயங்காலம் நம்ம நாலு பேரும் ஒண்ணா உட்காராம எப்படி?" என்று மறுத்துவிட்டார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்றது கல்லூரி. நானும் கூடச் சேர்ந்து பாடினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

போன வருஷம் ஒரு காலை, விசில் கயிற்றை மாட்டும்போது கழுத்தில் ஒரு கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டது. டாக்டர் அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். கட்டியை அறுத்தெடுத்துச் சோதித்தால்தான் அது நல்லதா கெட்டதா என்று தெரியுமாம். வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும் சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு இவரிடம் மட்டும் சொன்னேன்.

"பிள்ளைங்களுக்கு இப்ப தெரிய வேண்டாங்க. அவளுக்குப் பரீட்சை நேரம். ஜெபத்துல உளறிக் கொட்டிடாதீங்க."

"சொல்ல மாட்டேம்மா" என்றார். சொன்ன சொல் மாறாதவர். அதனால் நானும் நிம்மதியாகப் பரிமாறினேன்.

எல்லோரும் கண்ணை மூடினோம். "ஆண்டவரே, முதலாவது, என் மனைவி."

தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டி என்று சொல்லவில்லை, டாக்டர் என்று சொல்லவில்லை. கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிவிட்டார். நான் கண்ணைத் திறந்தபோது பிள்ளைகள் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, உனக்கு என்ன?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லடி."

"அப்புறம் எதுக்கு நீ ஃபர்ஸ்ட்?"

"நான் எதுவுமே சொல்லலையே..." என்றார் பேராசிரியர், அடி வாங்கப்போகிற பிள்ளையைப் போல. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் முதலிடத்துக்காகச் சண்டை போட்டவள் நான். கையில் கிடைத்தபோது, கட்டியைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அதற்குள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த விரிசல் அத்தனைக்கும் கோடு போட்டு முடித்திருந்தார். சோதனை முடிவு வரும்வரை தினமும் மேஜையில் எனக்குத்தான் முதலிடம். "எனக்குப் பயமா இருக்கு, ஆண்டவரே" என்று அவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. ஐயோ, எனக்கு இந்த இடமே வேண்டாம், பழையபடி ஸ்கூட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

முடிவு வரும் நாளன்று ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து நின்றார். "இங்க சுவத்துல கிறுக்கினது போதும். போய்ப் பாடம் நடத்துங்க, இவன் என்கூட இருக்கான்" என்று மகனைக் காட்டி விரட்டினேன். கல்லூரியில் நடந்த கூத்தை அவருடைய லேப் உதவியாளர்தான் பிற்பாடு வந்து எனக்குச் சொன்னார்.

வகுப்புக்கு முன்னால் மேஜையைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் ஒரு நிமிஷம் ஜெபிப்பது அவர் வழக்கம். மாணவர்களும் பழகிப்போய்ப் பேசாமல் காத்திருப்பார்கள். அன்றைக்கு வாய் திறந்துகொண்டது. "ஆண்டவரே, முதலாவது, என் மனைவி" என்று ஆரம்பித்து, கட்டி, ஸ்கேன், என் கோபம், என் விசில் எல்லாவற்றையும் உட்பிரிவோடு ஒப்பித்திருக்கிறார். "மாடியில எது வேணும்னாலும் விரிசல் விடட்டும், சமாளிச்சுக்கிறேன். அஸ்திவாரத்துல மட்டும் கை வெச்சிடாதீங்க. ஆமென்" என்று முடித்துக் கண்ணைத் திறந்து, பழக்கதோஷத்தில், "சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாராம்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள். "சார், மேடம் இப்ப எப்படி இருக்காங்க?"

"தெரியலம்மா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். மணி அடித்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை. இதெல்லாம் தெரியாமல்தான் நான் போன் செய்தேன். "என்னங்க, சாதாரணக் கட்டிதானாம். பயப்பட ஒண்ணுமில்லையாம்." இவர் முகத்தைப் பார்த்தே மாணவர்கள் புரிந்துகொண்டார்களோ என்னவோ, பின்னாலிருந்து ஒரே கைதட்டல். "அங்க பாடம் நடக்குதா, திருவிழா நடக்குதா?" என்று கத்தினேன். தையல் போட்ட கழுத்து வலித்தது.

அன்று சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்தோம். "ஆண்டவரே, முதலாவது, என் மகள். டிரைவிங் டெஸ்ட்." மகள் குதிக்காத குறை. "ஹப்பா, நான் ஃபர்ஸ்ட்!" அடுத்தது மகன், அவனுடைய மேனேஜர். பிறகு சர்ச் கூரை. பிறகு ஸ்கூட்டர், அதன் பிரேக், அதன் டயர். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

"கடைசியா, என் மனைவி."

அடுத்து 'நன்றி' வர வேண்டும். வரவில்லை. மெல்ல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மூச்சுவிடாமல் பேசுகிற மனுஷன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கன்னமெல்லாம் ஈரம். எனக்குத் தாங்கவில்லை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, மைதானத்துக் குரலில், "ஆமென்!" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மேஜைமேல் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"இரும்மா. இன்னும் முடியல."

நான் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.