நுரைக்காரர் வீட்டு மூக்கன்

ஊரில் அடுப்பு பழுது பார்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. நுரைக்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் பர்னரைக் குத்திவிட்டு, ட்யூபை மாற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். இவர் அப்படிக் கிளம்புகிற ஆள் இல்லை. வேலை முடிந்ததும் பையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, சோப்புத் தண்ணீர் கலக்கி, தேய்ந்துபோன பெயின்ட் பிரஷ்ஷால் ட்யூப் சேருகிற இடமெல்லாம் தடவுவார். காஸ் கசிந்தால் அங்கே குமிழி கிளம்பும். கிளம்பவில்லை என்றால் வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொல்வார். முதுகுவலிக்காரர்களுக்கும் விலக்கு கிடையாது. "பாத்துட்டீங்களா? குமிழி இல்ல. இனி நிம்மதியா இருங்க" என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்கே ஆயுளை நீட்டிக் கொடுத்த மாதிரி ஒரு பூரிப்பு.

பயம் என்பது அவரைப் பொறுத்தவரை ரொம்ப எளிய சமாச்சாரம். பயப்படுகிறவர் கண்ணெதிரே கொண்டுபோய்க் காட்டிவிட்டால் அது ஓடிப்போய்விடும். இந்த ஒரே நம்பிக்கையில்தான் மனுஷர் பிழைப்பையும் நடத்தினார், பிள்ளையையும் வளர்த்தார். பிழைப்பு நன்றாகத்தான் நடந்தது.

பிள்ளை என்றால் ஒரே மகள். ஆறாம் வகுப்பு. குட்டி என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். நட்சத்திரப் பைத்தியம். படுக்கிற அறையின் கூரை முழுக்க இருட்டில் மின்னும் நட்சத்திரங்களை ஒட்டி வைத்து, இது இன்ன மண்டலம், அது இன்ன மண்டலம் என்று அப்பாவுக்குப் பாடம் எடுப்பாள். அவர் பாதி மண்டலத்திலேயே குறட்டை விட்டுவிடுவார்.

ஒரு நாள் நுரைக்காரர் ஒரு பக்கத்துப் புருவம் பொசுங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். யாரோ ஒரு புண்ணியவான் சிலிண்டரை மூடாமலே அடுப்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். இவர் அதைச் சாப்பாட்டு மேசையில் நடித்தே காட்டினார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். குட்டி மட்டும் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, "அப்பா, அடுப்பு மூடியாச்சா?" என்று கேட்டாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. என் மகளுக்கு என்ன பொறுப்பு என்று போகிற வீட்டிலெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். பொறுப்பு வளர்ந்தது. ஒரு தடவை கேட்டவள் படியிறங்கும்போது மறுபடி கேட்டாள், கேட்டைத் தாண்டும்போது கேட்டாள், தெருமுனையில் நின்று கேட்டாள். வாயால் சொன்னது போதவில்லை. நுரைக்காரர் சளைத்தவரா? சொந்த வீட்டிலேயே தினமும் காலையில் சோப்புத் தண்ணீர் கலக்க ஆரம்பித்தார். குமிழி இல்லை, பார். அதுவும் போதாமல் சிலிண்டர் திருகைப் படம் பிடித்துக் கையில் கொடுத்தார். அவர் செல்போனில் கல்யாணப் படத்தைத் தேட வேண்டுமென்றால் திருகுப் படங்களுக்கு நடுவே நீந்தித்தான் போக வேண்டும். அது நேற்று எடுத்த படமாக இருந்தால் என்ன செய்வது என்று குட்டி கேட்டாள். பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, பூட்டைத் திறந்து, மறுபடியும் காட்டினார்.

முதலில் பள்ளிக்குத் தாமதமாகப் போனாள். பிறகு அரை நாள் போனாள். பிறகு தெருமுனையைத் தாண்டவே முடியவில்லை. முனை வந்ததும் முகம் வெளுத்து, காஸ் வாசனை அடிக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். பருவ முடிவில் அவள் வகுப்பையே பக்கத்து நகரத்துக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தார்கள். இருட்டறையில் சாய்ந்து படுத்துக்கொண்டு தலைக்கு மேலே வானம் சுழல்வதைப் பார்க்கலாமாம். ஒரு முழுநாள் பயணம். அதற்காக ஏங்கியவள், இப்போது கூரை நட்சத்திரங்களை அண்ணாந்து பார்த்துச் சத்தமில்லாமல் அழுதாள். அதற்குள் சரியாகிவிடுவாளா, அந்தப் பேருந்தில் ஏறுவாளா என்பது ஒன்றுதான் அந்த வீட்டின் ஒரே பேச்சாகிப்போனது.

பள்ளியில் சொல்லித்தான் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகரிடம் போனார்கள். வெளியறையில் மீன்தொட்டி ஒன்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மத்தியான வெயில் மஞ்சள் திரைச்சீலை வழியாக வந்து எல்லோர் மேலும் சோம்பலாகப் படிந்தது. உள்ளே மணல் நிரப்பிய தட்டு, பொம்மை வீடு, உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடுகிற குட்டி நாற்காலிகள். நுரைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பிள்ளையை விட்டுவிட்டுப் போவதாகவும் சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாகவும் சொன்னார். அடுப்பைக் கடையில் கொடுத்து வாங்குகிற மாதிரிதான் அவர் நினைத்திருந்தார். ஆலோசகர் சிரித்துவிட்டு, மூன்று பேரும் உட்கார வேண்டும் என்றார். அந்தக் குட்டி நாற்காலியில் மனுஷர் மடங்கி உட்கார்ந்த கோலத்தைப் பார்த்துக் குட்டியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனசுக்குள் வந்து கேள்வி கேட்கிறவன் எப்படி இருப்பான், வரைந்து காட்டு என்றார் ஆலோசகர். குட்டி வெகுநேரம் வரைந்தாள். மேகம் மாதிரி சாம்பல் நிறத்தில் ஓர் உடம்பு, அதில் பாதிக்கு மேல் மூக்கு. எதையாவது மோந்துகொண்டே இருப்பானாம். மூக்கன் என்று பெயர் வைத்தாள்.

"மூக்கன் என்ன சாப்பிடுவான்?" என்று ஆலோசகர் கேட்டார்.

குட்டி யோசித்தாள். பென்சிலைக் கடித்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பாவோட பதில."

நுரைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை காலைகள், அத்தனை கிண்ணம் சோப்புத் தண்ணீர், அத்தனை படங்கள், எல்லாம் ஒருவனுக்குத் தீனியாகப் போயிருக்கின்றன.

ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். சமைத்து முடித்ததும் ஒரு தடவை மூடுவது வேலை. அதைச் செய்யத்தான் வேண்டும். அதற்கப்புறம் வருகிற கேள்வி மூக்கனுடையது. பதில் கிடைத்தால் கொஞ்ச நேரம் அடங்குவான், அடுத்த தடவை இன்னும் அதிகமாகப் பசித்து வருவான். பதில் கிடைக்கவில்லை என்றால் கத்துவான், குதிப்பான், பயமும் ஏறத்தான் ஏறும். ஆனால் தீயைக் குறைத்த பால் மாதிரி அதுவே அடங்கும். அது அடங்குவதைக் குட்டி தானே பார்க்க வேண்டும். அதனால் இனிமேல் அவள் கேட்டால் அம்மாவும் அப்பாவும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும். "தெரியாது. உன்னால சமாளிக்க முடியும்." குட்டியையும் கேட்டுத்தான் அதை முடிவு செய்தார்கள். அவளும் தலையாட்டினாள்.

அம்மா சமாளித்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாவது சொல்லிவிட்டாள். நுரைக்காரரால்தான் முடியவில்லை. ஊருக்கே நிம்மதி வழங்குகிற வாய், பெற்ற பிள்ளையிடம் தெரியாது என்று சொல்ல வேண்டுமாம். நாக்கு எழவில்லை. ஆனாலும் ஆச்சரியம், குட்டி மளமளவென்று தேறினாள். கேட்கவே இல்லை. கேட்டைத் தாண்டினாள், முனையைத் தாண்டினாள், பள்ளிக்குள்ளும் போனாள். அம்மா கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள்.

அப்புறம் ஒரு நாள் நுரைக்காரர் விடியும் முன்பே அவசர வேலையாகப் போய்விட்டார். அன்றைக்குக் குட்டியால் வாசற்படியைக்கூடத் தாண்ட முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படி ஓர் அழுகை.

ஆலோசகர் அறையில்தான் குட்டு வெளிப்பட்டது. "அப்பா தினமும் பிரஷ்ஷ நனைச்சு ஜன்னல்ல வச்சிருப்பாரு" என்றாள் குட்டி, தலையைக் குனிந்துகொண்டு. "ஈரமா இருந்தா பாத்துட்டாருன்னு அர்த்தம். அன்னிக்கு காஞ்சு கிடந்துச்சு."

இருவரும் இதைப் பேசிவைத்துக்கொள்ளவில்லை. அவர் வைத்தார், அவள் பார்த்தாள், அவ்வளவுதான். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் மீதிப் புருவமும் பொசுங்கியிருக்கும். நுரைக்காரருக்கு அசடு வழிந்தது. அந்தக் குட்டி நாற்காலிக்குள் இன்னும் சின்னதாகிப் போனார்.

ஆலோசகர் கடிந்துகொள்ளவில்லை. குழந்தை கேட்டு நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால் உங்களுக்குள் என்ன ஆகிறது என்று மட்டும் கேட்டார்.

திரைச்சீலை மெல்ல அசைந்தது, மணல் தட்டின் மேல் மஞ்சள் வெளிச்சம் ஊர்ந்து போனது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே, நுரைக்காரர் தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி ஆரம்பித்தார். "மூக்கன் எனக்கும் பழக்கம்தான் மேடம். என் வண்டியில பின்னாடி உக்காந்துதான் வருவான். ஒரு வீட்டு வேலை முடிஞ்சு முனை திரும்புறதுக்குள்ள, சரியா முறுக்கினியாடான்னு கேப்பான். திரும்பிப் போயிருவேன்."

ஊரில் அவரை மறதிக்காரர் என்றும் சொல்வார்கள். எந்த வீட்டிலும் ஸ்பேனரை விட்டுவிட்டுப் போய்விடுவார், கொஞ்ச நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு வருவார், அப்படியே அடுப்பையும் ஒரு பார்வை பார்ப்பார். பாவம் வயசாகிறது என்று அவர்களும் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த ஸ்பேனரை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. திரும்பி வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று வேண்டுமென்றேதான் வைத்துவிட்டுப் போனார். கூடவே குடித்தனம் செய்கிற மனைவிக்கே இது தெரியாது. அவள் கை நீண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

குட்டி அப்பாவை வெறித்துப் பார்த்தாள். பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஆள் என்று அவள் நினைத்திருந்த அப்பா. அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு நீண்ட பயணத்தில் பக்கத்து இருக்கைக்கு ஆள் கிடைத்த மாதிரி ஒரு தெம்புதான் இருந்தது. அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்தே பழகுங்கள் என்றார் ஆலோசகர்.

அதற்கப்புறம் வந்த காலைகளைத்தான் நுரைக்காரர் இன்றைக்கும் கனவு மாதிரி நினைத்துக்கொள்வார். தெருமுனையில் ஒரு சிமென்ட் பெஞ்சு. பனி விலகாத நேரத்தில் அப்பாவும் மகளும் போய் அதில் உட்கார்வார்கள். நடுவில் கொஞ்சம் இடம் விடுவார்கள், மூக்கனுக்கு. பிரஷ் அலமாரிக்குள் போய்விட்டது. குட்டி கேட்பாள், அவர் தெரியாது என்பார். சில நாள் அவள் அவர் தோளில் குத்தினாள். ஒரு நாள் வாந்தி எடுத்தாள். அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, பதில் மட்டும் சொல்லாமல், தானும் அழுதார். போகிற வருகிறவர்கள் என்னமோ ஏதோ என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் அடங்கியது. பனி மரத்திலிருந்து இறங்குவது போல, எப்போது என்று தெரியாமலே அடங்கியது. அவள் மூச்சு சீராகும், விரல்கள் தளரும். "இப்ப கொட்டாவி விடுறான்" என்பாள். அவருக்கும் அந்தச் சாம்பல் மூக்கு பனிக்குள் கரைந்து போவது கண்ணில் படுகிற மாதிரியே இருக்கும். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து, வெயில் வந்து பெஞ்சைத் தொடுகிற வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில நாள் முனையைத் தாண்டினார்கள், சில நாள் வீட்டுக்குத் திரும்பினார்கள். பள்ளிக்குப் போகிற நாட்கள் மெல்லக் கூடின.

கோளரங்கத்துக்குப் போகிற நாள் வந்தது. பேருந்து அந்த முனைக்கே வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. கண்ணாடிக் கடைக்குச் சீக்கிரம் போக வேண்டிய அம்மா, காலைச் சமையல் முடிந்ததும் ஒரு தடவை அடுப்பை மூடிவிட்டு, குட்டியின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நுரைக்காரர் கதவைப் பூட்டினார். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, அவள் கூடவே நடந்தாள். அவள் கேட்கவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது. பேருந்தின் ஜன்னல்களிலிருந்து வகுப்புப் பிள்ளைகள் கை ஆட்டினார்கள்.

அப்போது நின்றுவிட்டது நுரைக்காரர்தான். இன்று அடுப்பை மூடியதை அவர் பார்க்கவில்லை. மகள் அவ்வளவு தூரம் போகிறாள், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் வாழ்நாள் முழுக்க இந்தக் காலையைத்தான் நினைக்க வேண்டும். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ச் சாவியைப் பிடித்தது.

"குட்டி, ஒரு நிமிஷம். ஸ்பேனர விட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

அவள் திரும்பி, வண்டியில் தொங்கிய பையைப் பார்த்தாள். ஸ்பேனர் அதன் வாயிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் காட்டிச் சிரிக்கவில்லை. கிட்டே வந்து அவர் கையைப் பிடித்து, சாவியோடு சேர்த்து மூடினாள்.

"எனக்கும் தெரியாதுப்பா. மூடியிருக்கா இல்லையான்னு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மூக்கன் இன்னிக்கு உன்கூட இருக்கட்டும். நான் நட்சத்திரம் பாத்துட்டு வந்துடறேன். அவனுக்குப் பதில் மட்டும் சொல்லிடாத."

பிறகு ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறிக்கொண்டாள். ஜன்னலில் அவள் முகம் ஒரு கணம் தெரிந்தது, பேருந்து நகர்ந்தது, பனிக்குள் போய் மறைந்தது. நுரைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றார்.

கடைசியில் வண்டியைக் கிளப்பினார். வந்த வழியே திருப்பினால் வீடு. நேரே போனால் அன்றைய முதல் வேலை, யாரோ ஒருவர் வீட்டில் எரியாத ஒரு பர்னர். பின் இருக்கை கனமாகத்தான் இருந்தது, காதுக்குள் கேள்வியும் வந்துகொண்டேதான் இருந்தது.

"தெரியாதுடா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நுரைக்காரர் நேரே போனார்.