மேலிருந்து பார்த்தால் தண்ணீர் கருப்பு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் மகள் ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லா பேனரும் அங்கே அச்சாகும். இரண்டாவது கம்ப்யூட்டரில் நான் உட்கார்ந்திருப்பேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம். கம்ப்யூட்டர் என்னிடம் எதுவும் கேட்காது, அதனால் பிடித்துப்போனது.

என் வேலை முகம் துடைப்பது. எங்கள் கடையில் அப்படித்தான் சொல்வோம். போட்டோவில் ஒரு கறை இருந்தால், பக்கத்தில் நல்ல தோலாகப் பார்த்து மவுஸால் எடுத்து அந்தக் கறைமேல் ஒற்ற வேண்டும். ஒற்றி ஒற்றியே ஒருவருக்குப் பத்து வயதைக் குறைத்துவிடலாம். கருப்பாகப் புள்ளி தெரிந்தால் கை தானாகவே அங்கே போய்விடும்.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வந்தார். அறிவியல் கண்காட்சிக்குப் பெரிய படம் வேண்டும். மேலே சாட்டிலைட், கீழே அது பார்க்கிற செஞ்சி. தங்கத்தாள் சுற்றிய பெட்டிக்கு இரண்டு நீலச் சிறகு வைத்து சாட்டிலைட்டை மகளே செய்துவிட்டாள். தரைக்கு, நிஜ சாட்டிலைட் எடுத்த படத்தையே டீச்சர் பென் டிரைவில் கொடுத்திருந்தார். மகள் அதை என் திரையில் திறந்து, "மேகத்த மட்டும் தொடச்சிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வெகுநேரம் மவுஸைத் தொடவே இல்லை. அறுபது வருஷமாக நிமிர்ந்து பார்த்த ராஜகிரி மலை, உடைத்துப் போட்ட வெல்லக்கட்டி மாதிரி கிடந்தது. மூன்று மலையையும் சேர்த்துப் பிடித்த கோட்டைச் சுவர் ஒரு நூல். பஸ் ஸ்டாண்ட் என் நகம் அளவு. அதற்குப் பின்னால் இருந்த தகரக் கூரைக்குக் கீழேதான், இதைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்ததும் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தேன். மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு மேகத்தைத் துடைத்தேன். கூடவே அங்கங்கே கருப்பாக அழுக்கு. அதையும் பக்கத்து வயலை எடுத்து ஒற்றிவிட்டேன். சுத்தமாக இருந்தது.

மறுநாள் மதியம், அச்சாகும் முன் திரையில் ஒரு தடவை பார்க்க டீச்சர் வந்தார். மாலைக்குள் படம் சுவரில் ஏற வேண்டும்.

"இன்னா டீச்சர், நல்லாக்குதா?" என்றாள் மகள்.

"நல்லாத்தான் இருக்குது. ஏரி எங்க?"

"எந்த ஏரி?"

"ஒண்ணுமே இல்லியே! சக்கரக்குளம் இல்ல, செட்டிக்குளம் இல்ல. மழ பேஞ்சி ஊரே ரொம்பிக் கெடக்குது. படத்துல ஒரு சொட்டுத் தண்ணி காணோம்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கருப்பா இருந்துச்சு... அழுக்குன்னு..." என் குரல் எனக்கே கேட்கவில்லை. நாங்கள் போடுகிற பேனரில் தண்ணீர் எப்போதும் நீலம்தான்.

"அடி ஆத்தாடி! பிளாட் போடறவங்ககூட இவ்ளோ வேகமா ஏரியத் தூத்ததில்லம்மா" என்றாள் மகள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "சாட்டிலைட் எப்படி தண்ணியக் கண்டுபுடிக்குதுன்னுதான் புள்ளைங்க பேசப்போவுதுங்க. தண்ணி இல்லாத படத்த நான் எப்படிங்க எடுத்துட்டுப் போறது?"

"நீ எழுந்திரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று மகள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் படத்தை மறுபடி திறந்தாள். மேகமும் வந்தது, கருப்பும் வந்தது. மவுஸ் அப்படியே நின்றது. "டீச்சர், இதுல எது தண்ணி, எது மேகத்தோட நெழலு?"

டீச்சர் திரைப் பக்கம் குனிந்தார். "கொளம் ரெண்டும் தெரியுது. மத்தது... ஒண்ணு மாதிரியே இருக்குதே."

நான் பின்னால் நின்று பார்த்தேன். நேற்று கறையாகத் தெரிந்தது இன்று வேறாகத் தெரிந்தது. ஒவ்வொரு மேகத்துக்கும் இடதுகைப் பக்கம் சற்று மேலே, அதே வடிவத்தில் ஒரு கருப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே திசை, ஒரே தூரம். ஜோடி இல்லாமல் தனியாகக் கிடந்தவற்றுக்கு ஒரு பக்கம் வில் மாதிரி வளைந்த கோடு இருந்தது. ஏரிக்குக் கரை உண்டு. நிழலுக்கு ஏது கரை?

"எழுந்திரு, நானே பண்றேன்" என்றேன். அப்படி நான் சொன்னதே இல்லை. மகள் எழுந்தாள்.

மேகத்தைத் துடைத்தேன், அதன் ஜோடியைத் துடைத்தேன். கரை உள்ளதை அப்படியே விட்டேன். கடுகளவு இருந்த கிணறுகளைக்கூட விட்டேன். அவை சதுரமாக இருந்தன. ஊரைச் சுற்றி இத்தனை தண்ணீரா! குடம் தூக்கி நடந்த நாளெல்லாம் இவ்வளவையும் யார் ஒன்றாகப் பார்த்தார்கள்?

நாலரைக்கு மெஷினிலிருந்து படம் ஈர மை வாசனையோடு இறங்கியது. டீச்சர் குனிந்து ஒவ்வொரு ஏரியாக விரல் வைத்துப் பார்த்தார். "எடுத்துட்டுப் போறேம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் தலையைக் குனிந்துகொண்டே கேட்டேன். "மேகத்துக்கெல்லாம் நெழலு இருக்குதே டீச்சர். சாட்டிலைட்டுக்குப் போட வேணாமா?"

"அது நெழலு தரைக்கு வராதும்மா. அவ்ளோ ஒசரம்."

ஆட்டோ போன பிறகு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். நம்மேல் நிழல்கூடப் படாமல் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு நம் ஊர்க் கிணறெல்லாம் தெரியும்.