எதைக் கொடுத்தாலும் வாங்கும்

எண்பதுகளின் கடைசியில், காரைக்காலில் நான் வேலை பார்த்த கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. புரோகிராம் எழுத, தூங்கி எழுந்த முகத்தோடு ஒரு மனிதரும் வந்தார். புரோகிராமில் ஃபங்ஷன் என்கிற ஒவ்வொரு சின்னப் பகுதிக்கு மேலேயும் அது எதை வாங்கும், எதைத் தரும் என்று எழுதிவைப்பார். அதைச் சோதிக்க ஒரு வரியும் சேர்ப்பார். பிரின்சிபால் அதை ராமாயணம் என்பார்.

ரிசல்ட் நாளன்று, 'மார்க் நூறைத் தாண்டுகிறது' என்று சொல்லிப் புரோகிராம் நின்றுவிட்டது. வாசலில் கூட்டம்.

"அந்தச் சோதனைய எடுத்துடுங்க," என்றார் பிரின்சிபால்.

"எடுத்துடறேங்க. மேல, 'எதக் குடுத்தாலும் வாங்கும்'னு மாத்திடறேன். பக்கத்துல உங்க பேரப் போட்டுடவா?"

பிரின்சிபால் மார்க் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். தேடிப் பார்த்தால், பரீட்சைக்கே வராத பையனுக்கு அடையாளமாக ஆபீசில் 999 போட்டிருந்தார்கள். சோதனை இல்லாவிட்டால் அவன்தான் கல்லூரியிலேயே முதல் மாணவன்.

மறுவாரம் பாராட்டு விழா நடந்தது. மாலை போட்டது கம்ப்யூட்டருக்கு. அந்த மனிதர் பலமாகக் கைதட்டினார். கிண்டலா, நிஜமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.