எவலின் அக்கா அழிக்க மறுத்த மொழி

எவலின் அக்கா ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. பாஸ்போர்ட் காலாவதியாகி எட்டு வருடமாகிறது. ஆனால் விக்டோரியா மாநிலத்தில் எந்த வட்டாரத்தில் யார் குடியிருக்கிறார்கள், வீட்டில் என்ன பேசுகிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். "டாண்டினோங்கா? அங்க எல்லாரும் கலந்துதான்லா இருக்காங்க" என்பார், பக்கத்துக் கிள்ளான் பாசார் சந்தையைப் பற்றிப் பேசுவதுபோல.

எங்கள் வேலை அப்படி. மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடி. மெல்பர்னில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக, அந்த மாநில மக்கள் பேனாவால் நிரப்பி, ஸ்கேனாகி வரும் படிவங்களுக்குக் குறியீடு போடுகிறோம். பிறந்த நாடு, மதம், வீட்டு மொழி, எல்லாவற்றுக்கும் ஓர் எண். பெயர் மட்டும் இருக்காது. ஒவ்வொரு படிவத்தையும் இருவர் தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் படிவம் பூட்டிக்கொண்டு நேரே மெல்பர்னுக்குப் போய்விடும். யாரும் தொட முடியாது. ஒத்துப்போகாவிட்டால் மேற்பார்வையாளர் விமலன் முடிவு செய்வார். எவலின் அக்காவுக்கு ஜோடி நான்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது, தமிழ்க் கிறிஸ்தவர். அப்பா கிரிகரி ரயில்வேயில் இருந்தவர். பள்ளியில் படித்தபோது, எவலின் என்ற பெயரைப் பார்த்து ஆசிரியை இனத்துக்கான கட்டத்தில் 'லாயின்-லாயின்', அதாவது 'மற்றவர்' என்று போட்டுவிட்டாராம். இவர் எழுந்து போய், எல்லார் முன்னாலும் அதை அடித்து 'இந்தியர்' என்று எழுதியிருக்கிறார். உள்ளங்கையில் இரண்டு அடி விழுந்தது. அப்போதே அப்படி. கணவர் போன பிறகு தனியாளாக நின்று மகளை நர்சிங் படிக்க வைக்கிறார். அதற்கு இந்த வேலைதான் ஆதாரம். அதுவும் வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம்.

போன மாதக் கடைசியில் விமலன் ஒரு புது விதி கொண்டு வந்தார். மலேசியாவில் பிறந்தவர், மதம் இஸ்லாம், வீட்டு மொழி தமிழ் என்று எழுதியிருந்தால் அது கைத்தவறு. 'மலாய்' என்று மாற்றிப் போட வேண்டும். ஆஸ்திரேலியாக்காரன் இதை எழுதியிருந்தால் பாவம், தெரியாதவன் என்று விட்டிருப்பேன். அவனுக்கு இது தோன்றவே தோன்றாது. முஸ்லிம் என்றால் மலாய்க்காரர்தான் என்று இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தோன்றும். விமலனும் தமிழர்தான், எங்களோடு தமிழில்தான் அரட்டை அடிப்பார். எரிச்சலாக வந்தது.

வந்து என்ன செய்ய? என் பெயர் ரிஸ்வானா. தமிழ் முஸ்லிம். பத்து நாள் வாயைப் பொத்திக்கொண்டு 'மலாய்' என்று தட்டினேன். என்னைப் போன்றவர்களை நானே அழித்துக்கொண்டிருந்தேன். எவலின் அக்கா மட்டும் எழுதியிருந்தபடி 'தமிழ்' என்றே போட்டார். எங்கள் எண்கள் மோதின, விமலன் எல்லாவற்றையும் மலாய் ஆக்கினார்.

செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஆன்டி, உங்களாலதான் மிஸ்மேட்ச் ஏறுது. இந்த மாதிரி இன்னும் அறுபத்து மூணு படிவம் இருக்கு. நாலு மணிக்குள்ள ரூல்படி போடுங்க. அடுத்த வருஷ காண்ட்ராக்ட் என் கையிலதான் இருக்கு."

"தம்பி, அவுங்க கைப்பட எழுதியிருக்காங்க. அத மாத்த நான் யாரு? நீ யாரு?"

"முஸ்லிம் வீட்டுல எப்படி ஆன்டி தமிழ்?"

எவலின் அக்கா என் பக்கம் திரும்பினார். "ரிஸ்வானா, உங்க அத்தா உன்ன எதுல திட்டுவாரு?"

எனக்குத் தலை நிமிரவில்லை. "தமிழ்லதான்க்கா."

"அது ஒரே ஒரு கேஸ் லா" என்று சிரித்துவிட்டுப் போனார் விமலன்.

அக்கா தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முதல் படிவத்தைத் திறந்தேன். எழுபத்து நான்கு வயதுப் பெண். பிறந்தது மலேசியா. மதம் இஸ்லாம். ஆங்கிலம் பேசத் தெரியாது. வீட்டு மொழி தமிழ். அடியில் இரண்டு கோடு, பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி.

"இந்தக் கணக்கப் பாத்துதான் அங்க ஆஸ்பத்திரியில மொழிபெயர்ப்பாளர் போடுவாங்க" என்றார் அக்கா, தன் திரையைப் பார்த்தபடியே. "மலாய்னு போட்டா, அந்தம்மாகிட்ட யாரு போய் நிப்பா?"

தமிழ் என்று தட்டினேன். அவரும் தட்டினார். படிவம் பூட்டிக்கொண்டது. அடுத்ததைத் திறந்தேன். மூன்றரைக்குள் அறுபத்து மூன்றும் பூட்டிக்கொண்டன.

விமலன் பாய்ந்து வந்தார். "ரெண்டு பேருமா? ஆன்டி, வெள்ளிக்கிழமையோட உங்க வேலை முடிஞ்சுது. ரிஸ்வானா, நீ நல்லா யோசிச்சுக்க."

அக்காவின் முகம் ஒரு கணம் வெளிறியது. மகள் ஞாபகம் வந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு செவ்வாதான் தம்பி. வெள்ளிக்கு இன்னும் மூணு நாள் கெடக்கு. அடுத்த படிவக் கட்ட அனுப்பு."

"நான் யோசிச்சிட்டேன் பாஸ்" என்றேன். என் குரல் நடுங்கியது, நடுங்கட்டும். "அதே கட்ட எனக்கும் அனுப்புங்க."