மயில்சாமி ஏற்றிவிட்ட கப்பல்

கல்யாணங்களைச் சொர்க்கத்தில் நிச்சயிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவை பூமிக்கு இறங்கி வருகிற வழியில், சூரமங்கலத்தில் மயில்சாமியின் சைக்கிள் கடையில் நின்று காற்றுப் பிடித்துக்கொண்டுதான் வரும். அவர் மட்டும் இல்லையென்றால் சேலம் ஜில்லாவில் பாதி ஆண்கள் இன்றைக்கும் பிரம்மச்சாரிகள். திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிற முருகனே மூன்றாவதாக ஒரு பெண் பார்க்கக் கிளம்பினாலும், வாகனத்தை இந்தக் கடையில் நிறுத்தி நாலு வார்த்தை விசாரிக்காமல் மேலே போகமாட்டார்.

கடை, ஜங்சனுக்குப் பின்னால் ரயில்வே குடியிருப்புக்குத் திரும்புகிற முக்கில் இருந்தது. பெண்ணோ பையனோ விசாரிக்க வருகிறவர்கள் எவரும் வந்த காரியத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை, அது முறையுமல்ல. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். "முன்சக்கரத்துல காத்துக் கொறைச்சலா இருக்குதுங்க" என்பார்கள். காற்று ஏறுகிற நேரத்தில், வேடிக்கை பார்க்கிற மாதிரி, "இந்த வரிசையில யாராரு குடியிருக்காங்க?" என்று இழுப்பார்கள். மயில்சாமிக்கு உடனே பிடிபட்டுவிடும். டயரோடு சேர்த்து அந்தக் குடும்பத்துக்கும் காற்றடிப்பார். மாறுகண் உள்ள பெண், அவர் வாயில் 'தலை நிமிந்து யாரையும் பாக்காத பொண்ணு' ஆகிவிடும். பொழுது சாய்ந்ததும் குடித்துவிட்டுக் கிடக்கிறவனைப் பற்றி, "எட்டு மணிக்கு மேல அவனை வெளியில பாக்கவே முடியாதுங்க" என்பார். அது பொய்யுமல்ல.

இதற்கெல்லாம் அவர் யாரிடமும் எதையும் வாங்கியதில்லை. நல்ல வார்த்தைதானே, நாலு பேர் வாழட்டும் என்பது அவர் கட்சி. அவருடைய கல்யாணமே அப்படி நடந்ததுதான். லாரியில் கிளீனராக இருந்த காலத்தில், "பையனுக்கு லாரி இருக்குது" என்று யாரோ ஒரு மகராசன் சொல்லித்தான் பொன்னாத்தாளைக் கொடுத்தார்கள். பொன்னாத்தாள் இன்றைக்கும் கோபம் வந்தால், "லாரிய எங்க நிறுத்தியிருக்கறீங்க?" என்று கேட்பாள்.

கடைக்கு எதிர் வரிசையில் ரயில்வே ஃபிட்டர் சவரியார் குடியிருந்தார். இரண்டு பெண்கள். மூத்தவள் இன்பமேரி, இளையவள் அந்தோணிமேரி. மூத்தவளை மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்த அற்புதராஜுக்குக் கொடுத்தார். அவன் விடுமுறையில் வந்தான், மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள், தாலி கட்டினான், இரண்டு மாதம் இருந்துவிட்டுக் கப்பலேறினான். பெண்டாட்டியாகவே இருந்தாலும் அங்கே போய்க் குடியிருக்க அந்த ஊர்ச் சர்க்காரின் பர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. "மூணே மாசம், பர்மிட் வந்திரும். நீ பெட்டியை அடுக்கி வை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்பமேரி பெட்டியை அடுக்கினாள். அற்புதராஜுக்கு மாங்காய் ஊறுகாய் என்றால் உயிர். சித்திரையில் நல்ல காயாகப் பார்த்து ஒரு ஜாடி போட்டு, வாயில் துணி கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பர்மிட்டுக்கு மனுப் போனால் பெண் நிஜமாகவே இங்கே இருக்கிறாளா, சொன்னதெல்லாம் சரியா என்று இந்தப் பக்கத்தில் ஆள் விட்டு விசாரிப்பார்கள். வீட்டில் கேட்டால் வீட்டார் தங்களுக்குச் சாதகமாகத்தான் சொல்வார்கள் என்பதால், மப்டியில் வந்து அக்கம்பக்கத்தில் நைசாகக் கேட்பது அவர்கள் வழக்கம். அப்படி ஒருவர் ஒருநாள் வெள்ளைச் சட்டையும் குடையுமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மயில்சாமி கடைக்கு வந்தார்.

"முன்சக்கரம் கொஞ்சம் பாருங்க" என்றார்.

மயில்சாமி பம்பை எடுத்தார். அந்தோணிமேரிக்கு அப்போதுதான் இடம் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவருக்கு வாய் ஊறியது.

"சவரியார்னு ஒருத்தர் ரயில்வேயில இருக்காராமே?"

"தங்கமான மனுசனுங்க. இந்த லைன்லயே அவரு ஊடுதானுங்க கோயில் மாதிரி."

"மூத்த பொண்ணைக் கட்டிக் கொடுத்தும் அது இங்கதான் இருக்குதுன்னாங்க?"

மயில்சாமியின் கை பம்பின்மேல் நின்றது. இதுதான் இடம், இங்கேதான் ஆளைப் பிடிப்பார்கள் என்று நினைத்தார். மூத்தவள் புருசன் வீடு போகாமல் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் இளையவளைக் கேட்டு எவன் வருவான்?

"யாருங்க அப்படிச் சொன்னது?" என்றார். "அது புருசனோட மலாயாவுல ராணி மாதிரி இருக்குதுங்க. போயி ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. நாகப்பட்டணம் வரைக்கும் போயி நாந்தானுங்க கப்பல் ஏத்தி உட்டுட்டு வந்தேன். புள்ள அழுதுக்கிட்டே கையக் காட்டுச்சு, பாருங்க, எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு."

அந்த நேரம் பார்த்து இன்பமேரி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்து, கடையைத் தாண்டி வீட்டுக்குள் போனாள்.

"இது யாரு?"

"சவரியாரோட தங்கச்சி மகளுங்க. ஒத்தாசைக்கு வந்திருக்குது" என்றார் மயில்சாமி. வால்வை மூடினார். காற்றுக்குக் காசுகூட வாங்கவில்லை.

மூன்று மாதம் போயிற்று. ஊறுகாய் ஊறி, எண்ணெய் மேலே வந்தது. மாப்பிள்ளையிடமிருந்து, "இன்னும் ஒன்றும் தெரியவில்லை" என்பதற்கு மேல் தகவல் இல்லை. வருசம் திரும்பியது. கெட்டுப் போவதற்குள் யாராவது சாப்பிடட்டும் என்று இன்பமேரி ஜாடியைத் திறந்து தெருவுக்கே கொடுத்தாள். 'மலாயா ஊறுகாய்' என்று பயல்கள் பேர் வைத்தார்கள். அடுத்த சித்திரையில் புது ஜாடி போட்டாள்.

கான்வெண்டுப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் தேவைப்பட்டது. இவளைக் கேட்ட சிஸ்டரே, "நீதான் நாளைக்கே கிளம்பிடுவியே" என்று வேறு ஆளை வைத்துக்கொண்டார். தெருப் பெண்கள் முதலில், "என்ன இன்பம், கப்பல் வந்திருச்சா?" என்று கேலி செய்தார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் மோசம். அவன் அங்கே வேறு ஒருத்தியை வைத்திருப்பான் என்று குழாயடியில் முடிவாகிவிட்டது. இன்பமேரி வரிசை கலைந்த பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

சவரியார் லீவு போட்டு, மனு எங்கே நிற்கிறது என்று விசாரிக்கப் பர்மிட் ஆபீசுக்குப் போனார். திரும்பி வந்தவர் நேராக மயில்சாமி கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மயிலு, என் மக ஏற்கெனவே மலாயாவுல இருக்காளாம்பா."

மயில்சாமி பஞ்சர் பார்க்க ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"எவனோ ஒரு படுபாவி, நான்தான் கப்பல் ஏத்திவிட்டேன்னு விசாரிக்க வந்த ஆள்கிட்டச் சொல்லியிருக்கான். பர்மிட் இல்லாம எப்படி உள்ள போனா, ஆள் மாறாட்டமான்னு அங்க ஒரு கேள்வி, இங்க ஒரு கேள்வி. ரெண்டு சர்க்காரும் பேப்பரைக் கட்டி வச்சிட்டாங்க. நான் சொன்னா, அப்பன் பேச்சு எடுபடாதாம். யாருக்கு நாம என்ன கெடுதல் பண்ணினோம், சொல்லு."

டியூபிலிருந்து குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது. ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்தும் மயில்சாமி கையை எடுக்கவில்லை. "வெசாரிச்சுப் பாக்கோணும்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் சவரியாரின் முகம் என்ன ஆகும் என்று பயம். மயில்சாமி சொன்னால் சரியாக இருக்கும் என்கிற பேரும் போய்விடும். நாளைக்கு, வெள்ளிக்கிழமைக்கு, பொங்கல் கழித்து என்று தள்ளிக்கொண்டே போனார். அந்தப் பாவத்தில் சவரியாருடைய சைக்கிளுக்குத்தான் யோகம் அடித்தது. கேட்காமலேயே எண்ணெய் விட்டார், கோட்டமே இல்லாத சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போய், கும்பிடுவது எப்படி என்று தெரியாமல், திருநீறு பூசிய நெற்றியோடு மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு வந்தார்.

இனி யாரைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்று தீர்மானம் செய்தார். அதுவும் வினையாய் முடிந்தது. அந்தோணிமேரியை விசாரிக்க ஆத்தூரிலிருந்து நிஜமாகவே ஆள் வந்தபோது, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். மயில்சாமியே வாயைத் திறக்கவில்லையென்றால் அந்தக் குடும்பத்தில் என்ன கோளாறோ என்று வந்தவர்கள் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.

மூன்றாவது ஜாடியும் ஊறி முடிந்தது. இன்பமேரி அவருடைய பங்கை ஒரு சட்டியில் போட்டுக் கடைக்கே கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள்.

"இந்த வருசம் காரம் கூடிப்போச்சு மாமா. அவருக்குக் காரம் ஆகாது. நல்லவேளை பர்மிட் வரலை" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை மயில்சாமியால் தாங்க முடியவில்லை.

"கண்ணு, உன்னையக் கப்பல் ஏத்தி உட்ட படுபாவி நாந்தான்."

"எந்தக் கப்பல்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். குடை, காற்று, நாகப்பட்டணம், கையைக் காட்டியது. எதையும் குறைக்கவில்லை. "உன்ற தங்கச்சிக்கு இடம் பாக்க வந்தவன்னு நெனச்சுட்டேன் சாமி."

"நான் அப்ப எங்க இருந்தேன்?"

"கொடத்தோட இப்படித்தான் போன. யாருன்னு கேட்டான். உங்க அத்தை மகள்னு சொன்னேன்."

"நான் நடந்து போறதைப் பாத்துக்கிட்டே சொன்னீங்களா?"

"ஆமாங் கண்ணு."

இன்பமேரி பெஞ்சில் வைத்த சட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சவரியார் வந்து அடிப்பார் என்று மயில்சாமி இருட்டும்வரை கடையைச் சாத்தாமல் காத்திருந்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் வரவில்லை. மறுநாள் காலையில் இன்பமேரிதான் வந்தாள்.

"கடையைச் சாத்துங்க. ஆபீசுக்குப் போகணும்."

பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவர் பின்னால் நின்றார். ஆபீசில் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மயில்சாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னிக்குச் சொன்னது பொய்ங்கறீங்க. அப்ப இன்னிக்குச் சொல்றதை மட்டும் எப்படி ஐயா நம்பறது?"

ஊரில் பாதிப் பேருக்கு நற்சாட்சி சொன்ன மனுசன், தனக்கு ஒரு சாட்சி இல்லாமல் நின்றார். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்த விரலில் கிரீஸ் கறை இருந்தது.

இன்பமேரி எழுந்தாள். "சார், இவர் இதுவரைக்கும் யாரைப் பத்தியும் கெட்டது சொன்னதில்ல. இன்னிக்குத்தான் முதல் தடவையா சொல்றார், அதுவும் தன்னைப் பத்தி. பொய் சொல்றவங்க அப்படிச் சொல்லமாட்டாங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எழுதுங்கப்பா" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார்.

எழுதினாலும் பேப்பர் நத்தை மாதிரிதான் ஊர்ந்தது. அடுத்த சித்திரை வந்தது. இன்பமேரி ஊறுகாய் போடவில்லை. பர்மிட் வந்தது.

மயில்சாமி பொன்னாத்தாளைக் கெஞ்சி ஒரு சட்டி மாங்காய் ஊறுகாய் போடச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு சவரியார் குடும்பத்தோடு ரயிலேறி நாகப்பட்டணம் வரைக்கும் போனார். துறைமுகத்தில் கப்பல் தூரத்தில் நிற்க, ஆட்களைப் படகில் கொண்டு போனார்கள். படகில் ஏறுமுன் அவர் சட்டியை நீட்ட, இன்பமேரி வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சொன்னபடி ஏத்தி விட்டுட்டீங்க மாமா" என்றாள். அழுதுகொண்டே கையைக் காட்டினாள். மயில்சாமிக்குக் கண் கலங்கியது. மூன்று வருசத்துக்கு முன்னால் சொன்ன பொய் அன்றைக்குக் கரை சேர்ந்தது.

இதுவரை எழுதியதை, எழுதியவன் மயில்சாமியின் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கே படித்துக் காட்டினான். முருகன் வந்த இடத்தில் அவர் சிரித்தார். குடம் வந்த இடத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்தார். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏண்டா, நாகப்பட்டணத்துல கடல் என்ன நெறம்?" என்றார்.

படித்தவன் தாளைப் புரட்டித் தேடினான்.

"நானும் பாத்ததில்ல. ஜங்சன்லயே, டீ வாங்கியாரேன்னு போயி, ஸ்டால் பின்னால நின்னுக்கிட்டேன். அந்தப் புள்ள சன்னல்ல எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே போச்சு. நான் வெளிய வல்ல. சட்டி எங்க ஊட்டு அடுப்பாங்கரையிலதான் இருக்குது, வேணும்னா போயிப் பாரு." வால்வைப் பிடுங்குகிற பயல்களைப் பார்ப்பதுபோல் அவனை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல வார்த்தைதானே, போனாப் போவுதுன்னு எழுதிட்ட."

"ஆமாங்க."

"நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றார். "அந்தக் கப்பலைக் கோடு போட்டு அடிச்சிரு."